வைத்திக்குப்பத்து ராக் பாட்டுக்காரி

ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனதால்தான் ரஞ்சிதத்துக்குக் கித்தார் கிடைத்தது. ஐம்பத்து நாலாம் வருஷம் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது அவளுக்குப் பதினாறு வயது. கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு மகன் சாயங்காலம் ஆனால் கித்தாரை எடுத்துக்கொண்டு உட்காருவான். வராந்தாவைப் பெருக்குகிற சாக்கில் அவன் விரல் எங்கெங்கே போகிறது என்று ரஞ்சிதம் பார்த்துக்கொண்டே இருப்பாள். கப்பலேறுகிற அன்று மதாம் அவளைக் கூப்பிட்டாள்.

"நீ பாக்கிறது நான் பாக்கிறேன்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, கித்தாரை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று வருஷம் தானாகவே தட்டுத்தடுமாறிப் பழகினாள். ஐம்பத்தேழில் வைத்திக்குப்பத்துத் தணிகாசலத்துக்குக் கழுத்தை நீட்டியபோது, கித்தாரைப் பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்து பரணில் போட்டாள். புருஷன் கட்டுமரத்தில் போயிருப்பான். மாமியார் சொர்ணம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து இறக்கி, மெல்லப் பாடுவாள்.

ஒருநாள் சொர்ணம் தலைவலி என்று நடுவிலேயே திரும்பிவிட்டாள். வாசலில் கூடையோடு நின்ற மாமியாரைப் பார்த்ததும் ரஞ்சிதம் கித்தாரைச் சேலைக்குள் திணித்தாள்.

"இனிமே தொட மாட்டேன் அத்த."

"தொடாதன்னு யாரு சொன்னது? வாயிக்குள்ளயே முணுமுணுக்கிறியே, அடுத்த வூட்டுக்காரிக்குக்கூட கேக்காது போலக்குதே. நாளைலேர்ந்து எங்கூட மார்க்கெட்டுக்கு வா. தொண்ட தானா தொறந்துக்கும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளே கூடையை மருமகள் தலையில் ஏற்றிவிட்டாள். முதல் வாரம் ரஞ்சிதத்தின் குரல் கம்மிப் போயிற்று. இரண்டு மாதத்தில் அவள் கூவினால் மார்க்கெட்டின் அந்தக் கோடியில் இருக்கிறவன் திரும்பிப் பார்த்தான்.

அப்படித் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவன் தெய்வசிகாமணி. சைகோனில் பட்டாளத்தில் இருந்த அப்பாவோடு ஊர் திரும்பியவன். வரும்போது ஒரு டிரம் செட்டும் கொண்டுவந்திருந்தான்; பிறகு வந்த ராக் அண்ட் ரோல் ரெக்கார்டுகளையெல்லாம் தேடிப்பிடித்து வாங்கினான். நாலு பேரைச் சேர்த்து அவன் நடத்திய குழுவை ஊர் 'சைகோன் செட்டு' என்றது. பாடுகிறவன் பாரிசுக்குப் போய்விட்டதால் ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

"ஜூலை பதினாலு பிரெஞ்சு விழாவுக்கு டான்ஸ் இருக்குதும்மா. உங்க மருமகள அனுப்புவீங்களா?" என்று சொர்ணத்திடமே கேட்டான்.

வீட்டில் தணிகாசலம் குதித்தான். "நாலு பேரு முன்னால பொம்பள ஆடிப்பாடுறதா? ஊரு சிரிக்கும்மா."

"நான் மார்க்கெட்ல கத்துறது நாலு பேரு முன்னால இல்லாம, நாலு சொவுத்துக்குள்ளயா? அந்தக் கத்துலதான் நீ வளந்த. அவ போவட்டும். நானும் கூடப் போறேன்."

தணிகாசலம் சாப்பிடாமல் எழுந்து போனான்.

விழா மண்டபத்தில் கோட்டும் கவுனுமாகக் கூட்டம். தெய்வசிகாமணி கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் பாட்டை ரஞ்சிதம் அர்த்தம் தெரியாமல் அப்படியே நெட்டுருப் போட்டிருந்தாள். பாட ஆரம்பித்ததும் டிரம் சத்தத்தில் அவள் குரல் எங்கோ போய்விட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டதும் வார்த்தையும் மறந்து போயிற்று. கை மட்டும் தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் கதவோரம் நின்ற சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை.

"வாயத் தெறந்து பாடு புள்ள! மீனு நாறிப் போவுது!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ரஞ்சிதத்துக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள். மறந்துபோன வார்த்தைகளுக்குப் பதிலாக வாய்க்கு வந்தது மீன் பெயர்கள்தான். "வஞ்சிரம்... வவ்வாலு... சங்கரா ஓய்!" தெய்வசிகாமணி ஒரு கணம் திகைத்தான், பிறகு அந்தக் கூவலுக்கு ஏற்றபடி டிரம்மை அடித்தான். கவுன் போட்ட பெண்கள் முதலில் ஆடினார்கள். அப்புறம் எல்லோரும் ஆடினார்கள். மூன்று முறை அதே பாட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

வெளியே வந்தபோது மண்டபத்துச் சுவரோரம் தணிகாசலம் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று அவள் கேட்கவில்லை.

"குடு, நான் தூக்கியாறேன்" என்று கித்தாரை வாங்கிக்கொண்டான்.

அதன்பிறகு மூன்று வருஷம் கடலூர், மெட்ராஸ், பெங்களூர் என்று சைகோன் செட்டு சுற்றாத இடமில்லை. நெல்லித்தோப்பில் இரண்டு அக்கா தங்கைகள் கித்தார் பழகி, அவளைப்போலவே நடுப்பாட்டில் கூவினார்கள். கடலூர்க் கல்லூரிப் பையன்கள் அந்தக் கூவலுக்கு 'ரஞ்சிதம் எடுப்பு' என்றே பெயர் வைத்தார்கள். இடையில் அவளுக்கு மகள் பிறந்தாள். இனி வீடுதான் என்று அவளே நினைத்தபோது, சொர்ணம் மார்க்கெட்டை விட்டுவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"மீனு நான் நெதம் பாத்ததுதான? இனிமே புள்ளயப் பாத்துக்கறேன். நீ போயி பாடு."

அறுபத்திரண்டில் மெட்ராசில் ஒரு கம்பெனி அந்த மீன் பாட்டை ரெக்கார்டாகப் போட்டது.

அடுத்த மாதம் உறவில் ஒரு விசேஷத்துக்காக எல்லோரும் கடலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். தவளக்குப்பம் முனையில் பஸ் நின்றபோது, பக்கத்துக் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் ரஞ்சிதத்தின் குரல் கேட்டது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"நிறுத்துய்யா! எம்மருமவ பாடுறா" என்று சொர்ணம் எழுந்து நின்றாள். "முடியட்டும், போலாம்."

பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் என்ன நினைத்தாரோ, இன்ஜினை அணைத்துவிட்டார். மதாமுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் விட்டது இத்தனை வருஷமாக ரஞ்சிதத்தின் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. இதையும் விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. நின்றுகொண்டிருந்த மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"அத்த, நீங்க இல்லன்னா..."

"ஸ்ஸ், பேசாத" என்றாள் சொர்ணம், கையை விடுவிக்காமலே. "பாட்டக் கேக்க வுடு."