கோலுக்கு நாற்பது ரூபாய்

எங்கள் கம்பெனியில் கூலி உயர்வு கேட்கப் போனால் முதலாளி நாச்சிமுத்து முதலில் டீ வாங்கிக் கொடுப்பார். டீ வந்துவிட்டால் காசு வராது என்று அர்த்தம். அந்த வருஷம் சித்திரையில் நாங்கள் போனபோது டீயோடு ஆளுக்கொரு பன்னும் வந்தது. எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

நாங்கள் என்றால் செக்கிங் டேபிள் பெண்கள், ஒன்பது பேர். தைத்து வரும் பனியனை விரித்துப் பிடித்து ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, தொங்குகிற நூலை வெட்டி, மடித்து அடுக்குவது எங்கள் வேலை. நாள் கூலி ஒன்றேகால் ரூபாய். அதை ஒன்றரை ஆக்குங்கள் என்று கேட்டோம். நாலணா, அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் ஆளாளுக்குத் தனியாகப் போய்க் கூலி பேசுவது முதலாளிக்குப் பிடிக்காது. ஒரு டேபிளுக்கு ஒருத்தர் பேச வேண்டும், மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். எங்களுக்காகப் பேசுகிறவள் ரங்காத்தாள் அக்கா.

"சாமி சத்தியமா கம்பெனியில காசு இல்லீங்க அம்மிணி. நூல் விக்கிற வெலையில நானே துண்டத் தலையில போட்டுட்டுப் போற நெலமையில இருக்கறேன்" என்றார் முதலாளி.

எனக்கு அந்த நாலணா விளையாட்டல்ல. என் மகள் கண்ணம்மாள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் பாதி நாள்தான் வேலை இருக்கும். நாலணா கூடினால் அவள் ஆறாம் வகுப்புக்குப் போவாள், கூடாவிட்டால் ஆனி மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டுவாள் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளோ பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பாவாடை எந்த நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன் செரிப்பதற்குள் அதே வாரம் கியாசுதீன் வந்து சேர்ந்தான்.

எங்கள் முதலாளிக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, ஃபுட்பால். கம்பெனி பேரில் ஒரு டீம் வைத்திருந்தார். வருஷா வருஷம் கோடையில் நடக்கும் பந்தயத்தில் பல்லடத்து மில்காரர் டீமிடம் தோற்பதற்கென்றே அதை வைத்திருந்த மாதிரி இருக்கும். இந்தத் தரம் விடுவதில்லை என்று போத்தனூர் ரயில்வே காலனியிலிருந்து அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மாசச் சம்பளம் இருநூற்றைம்பது ரூபாய். காசு இல்லாத கம்பெனியில்!

ஃபுட்பால் ஆடுகிறவன் என்று சம்பளப் பட்டியலில் எழுத முடியாதாம். அதனால் அவன் பேரைச் செக்கிங் டேபிளில் சேர்த்து, எங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். காலையில் பயிற்சி முடித்துவிட்டு வந்து உட்காருவான். அவனிடம் ஒரு பனியனைக் கொடுத்தால் கை நுழைகிற அளவு ஓட்டை இருந்தாலும் "நல்லாருக்குதுங்க அக்கா" என்பான். எங்கள் ஒன்பது பேர் சோற்றுத் தூக்குப்போசியிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் சரியாகச் சொல்லுவான். ரங்காத்தாள் அக்கா அவனுக்கென்று ஒரு கரண்டி பச்சைப்பயறு கூடுதலாகக் கடைந்துகொண்டு வருவாள். எங்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

பிடிக்காதவர் கட்டிங் மாஸ்டர் குமாரவேல் ஒருத்தர்தான். கம்பெனியிலேயே அதிகச் சம்பளம் அதுவரை அவருக்குத்தான், நூற்றெழுபது. அவர் எந்த டேபிளோடும் சேரமாட்டார். தன் கூலியைத் தானே தனியாகப் போய்ப் பேசிக்கொள்ளும் உரிமை அவருக்கு மட்டும் இருந்தது. இருநூற்றைம்பது என்று காதில் விழுந்த அன்று அவர் மத்தியானச் சோறு தின்னவில்லை.

"துணியில கத்தரி வெக்காம பனியன் வருமுங்களா? பந்து ஒதைக்காட்டி எவனாச்சும் வெத்து ஒடம்போட தெருவுல போவானுங்களா?" என்று எங்கள் டேபிளுக்கு வந்து நியாயம் கேட்டார்.

"அவன் பந்து ஒதைக்கறதப் பாக்க நாலு ஊர்ச் சனம் டிக்கெட் வாங்கிட்டு வருது மாஸ்டர். நீங்க கத்தரி புடிக்கறதப் பாக்க எத்தன பேர் வருவாங்க?" என்றாள் ரங்காத்தாள் அக்கா.

"அதுக்குன்னு ஒரு அளவு வேண்டாமுங்களா?"

"அளவு வெச்சு அவனுக்கு நூறு ரூவா கொறைச்சா, அந்த நூறு எங்க மடியில வந்து விழுமா? மொதலாளி பொட்டியிலதான விழும்? அவனுக்குக் குடுக்கறது அதிகமில்லீங்க, எங்களுக்குக் குடுக்கறதுதான் கம்மி."

மாஸ்டருக்கு இதெல்லாம் ஏறவில்லை. அப்போது நில உச்சவரம்புச் சட்டம் வந்த புதிது. யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. முதலாளிக்குக் கொமரலிங்கத்தில் ஆற்றுப் பாசனத்தில் நிலம் இருந்தது. "ஒருத்தன் இவ்வளவுதான் வெச்சுக்கலாம்னு சொல்றதுக்கு இவங்க யாரு?" என்று ஒரு மாதமாகச் சர்க்காரை வைதுகொண்டிருந்தார். அவரிடமே போய், ஆட்டக்காரன் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு போடுங்கள் என்றார் மாஸ்டர். முதலாளிக்குச் சட்டென்று முகம் மலர்ந்துவிட்டதாம். உச்சவரம்பு அடுத்தவனுக்கு என்றால் அவ்வளவு இனிக்கும் போலிருக்கிறது.

மாஸ்டர் ஒரு திட்டமும் கையோடு கொண்டுபோயிருந்தார். திருப்பூரில் எல்லாமே பீஸ் ரேட். டெய்லருக்கு டஜனுக்கு இவ்வளவு, ஓவர்லாக்குக்கு டஜனுக்கு இவ்வளவு. அதே மாதிரி கியாசுதீனுக்கு மாசச் சம்பளத்துக்குப் பதில் கோலுக்கு நாற்பது ரூபாய். மாதம் நான்கு கோலுக்கு மேல் அடித்தால் காசு கிடையாது. நான்கு நாற்பது நூற்றறுபது. உச்சவரம்பு மாஸ்டர் சம்பளத்துக்குப் பத்து ரூபாய் கீழே வந்து நின்றதைக் கவனித்தீர்களா? நாங்கள் கவனித்தோம்.

முதலாளி அதற்குச் சரி சொல்லிவிட, கியாசுதீன் அவரிடம் ஓடினான். அவர் அவனை வாசலிலேயே நிறுத்தி, "உம் பேரு செக்கிங் டேபிள்ல இருக்குதல்ல? கூலிப் பேச்சுன்னா எங்கிட்டத் தனியா வரப்படாது. ரங்காத்தாவ வரச் சொல்லு" என்று கழற்றிவிட்டார். ரங்காத்தாள் அக்கா எங்கள் நாலணாவையும் அவன் உச்சவரம்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். டீ வந்தது, பன் வந்தது. திரும்பி வந்துவிட்டோம்.

பந்தயம் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் கியாசுதீன் இரண்டு கோல் அடித்தான், அடுத்ததில் இன்னும் இரண்டு. முதலாளி தரையில் நிற்கவில்லை. அதே மாதக் கடைசியில், பல்லடத்தாரோடு பைனல்.

கைதட்ட ஆள் வேண்டும் என்று அன்றைக்குக் கம்பெனியையே அரை நாள் மூடி எல்லோரையும் மைதானத்துக்கு ஓட்டிவந்தார். நாங்கள் ஒன்பது பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் நாற்காலி வரிசையில் எங்கள் முதலாளி, அவருக்குப் பக்கத்திலேயே பல்லடத்து மில்காரர், பின்னால் மாஸ்டர்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. எங்கள் பக்கக் கோலை அடித்தவன் ஆறுச்சாமி என்று ஒரு டெய்லர் பையன். கியாசுதீன் என்ன செய்தான் தெரியுமா? பந்தை அருமையாக எடுத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டிப் போவான். கோல்கீப்பர் கீழே விழுந்து கிடப்பான், முன்னால் வலை மட்டும்தான் இருக்கும். அங்கே நின்று, பந்தைப் பின்னால் வருகிறவனுக்கு மரியாதையாகத் தள்ளிவிடுவான். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். மைதானமே தலையில் அடித்துக்கொண்டது.

"அடிடா! ஏன்டா அடிக்க மாட்டீங்கற?" என்று முதலாளி கோட்டுக்கே ஓடிவந்து கத்தினார்.

"இந்த மாசத்துப் பீஸ் முடிஞ்சு போச்சுங்க மொதலாளி" என்றான் கியாசுதீன், ஓடிக்கொண்டே.

எங்கள் ஊரில் இதில் வியக்க ஒன்றுமில்லை. பேசிய டஜன் முடிந்தால் எந்த டெய்லரும் மிஷினை விட்டு எழுந்துவிடுவான். வலது பக்கம் நின்ற எங்கள் டெய்லர்கள் எல்லோரும் நியாயம்தானே என்று தலையாட்டினார்கள்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் பல்லடத்து ஆள் ஒருவன் பந்தைக் கையால் தடுத்துவிட்டான். ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். பந்தை வைத்து அடிக்க வேண்டியது, அவ்வளவுதான். கியாசுதீன் பந்தை வைத்தான். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

"ஆறுச்சாமி, நீ அடி!" என்றார் முதலாளி.

"எனக்குக் கோலுக்கு ரேட்டே பேசலீங்களே" என்றான் ஆறுச்சாமி. முதல் கோலைச் சும்மா அடித்துவிட்டோமே என்ற வருத்தம் அப்போதுதான் அவனுக்கு வந்தது போலிருந்தது.

முதலாளி மைதானத்துக்குள்ளேயே போய்விட்டார். கியாசுதீன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூலிப் பேச்சு எங்கிட்டத் தனியாப் பேசப்படாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எங்க டேபிளுக்குப் பேசறது ரங்காத்தாக்காதானுங்க" என்று மரத்தடியைக் காட்டினான்.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் முதலாளி எங்களை நோக்கி ஓடிவந்த காட்சி இருக்கிறதே, அதற்காகவே அந்த ஒரு வருஷக் கூலியை நான் விட்டுக்கொடுத்திருப்பேன். அவருக்குப் பின்னால் மாஸ்டரும் ஓடிவந்தார்.

"ரங்காத்தா, அந்தப் பையன அடிக்கச் சொல்லு. உச்சவரம்பு ஒண்ணும் கெடையாது, போதுமா?"

"அவனுக்குப் போதுமுங்க. எங்க டேபிள்ல இன்னும் ஒம்பது பேரு இருக்கறோமுங்களே."

"இப்பப் போயி..."

"நாலணாங்க மொதலாளி. டீ வேண்டாமுங்க."

"குடுத்துராதீங்க! இது வழிப்பறிங்க!" என்றார் மாஸ்டர். ரெஃப்ரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கியாசுதீன் இடது கால் கயிற்றைக் கட்டிவிட்டு வலது கால் கயிற்றை அவிழ்த்தான். ரங்காத்தாள் அக்கா எங்கே இரண்டணாவுக்கு இறங்கிவிடுவாளோ என்று பயந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பல்லடத்து மில்காரர் கூப்பிட்டார். "ஏனுங்க நாச்சிமுத்து, நாலணாதானுங்களே? கையில இல்லீன்னா நான் தரட்டுங்களா?"

மைதானமே சிரித்தது. எங்கள் முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது. "நாலணா! டேபிளுக்கே ஆளுக்கு நாலணா! இந்த மாசத்துல இருந்து!" என்று நாலு ஊர்ச் சனத்துக்கும் கேட்கக் கத்தினார்.

ரங்காத்தாள் அக்கா கையைத் தூக்கினாள். கியாசுதீன் எழுந்தான், பின்னால் நடந்தான், ஓடிவந்து அடித்தான். அப்படி ஓர் அடியை நான் பார்த்ததில்லை. பந்து கம்பத்துக்கு மேலே எழும்பி, சனத்தைத் தாண்டி, ரோட்டில் போய்க்கொண்டிருந்த பல்லடம் பஸ்ஸின் மேலே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. பஸ் நிற்காமல் போய்விட்டது.

என் கண்ணம்மாளின் ஆறாம் வகுப்பும் அந்தப் பஸ்ஸில்தான் போகிறது என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதேவிட்டேன். வேறு பந்து கொண்டுவந்து ஆடியதில் பல்லடத்தார் ஒரு கோல் போட்டு, கோப்பையையும் கொண்டுபோனார்கள்.

சம்பள நாளன்று முதலாளி, "கோலு வரல, நாலணாவும் வராது" என்றார்.

"அடிக்கச் சொல்லுன்னீங்க, சொன்னோம். அவனும் அடிச்சான். வலைக்குள்ள போகோணும்னு பேசலீங்களே" என்றாள் அக்கா. "வேண்டாமுன்னா விடுங்க. பல்லடத்துக்காரர்கிட்டயே போயி வாங்கிக்கறோம். தரட்டுமான்னு கேட்டாரல்ல."

முதலாளி கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றரை என்று போடச் சொன்னார். அன்று சாயங்காலம் கடைவீதிக்குப் போய், கண்ணம்மாளுக்கு நீலப் பாவாடைத் துணி எடுத்தேன். கடைக்காரர் மஞ்சளைக் காட்டினார். பள்ளிக்கூடத்துக்கு நீலம்தான் வேண்டும் என்று நான் சண்டை போட்டே வாங்கினேன்.

கியாசுதீனை மட்டும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவன் எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது ரங்காத்தாள் அக்கா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"கண்ணு, நெசத்தச் சொல்லு. வேணும்னேதான மேல அடிச்ச?"

"அல்லா மேல ஆணைங்க அக்கா, வலைக்குத்தான் அடிச்சேன். அந்த அடிக்கு இருநூத்தம்பது கொஞ்சம் அதிகந்தானுங்க" என்று சிரித்தான். பல்லடத்து மில்காரர் முந்நூறு தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அவன் நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சோறு மிஞ்சியது.

ரொம்பச் சந்தோஷமாக இருந்தவர் மாஸ்டர்தான். கியாசுதீனுக்குக் கொடுத்த பணம் இனிமேல் கம்பெனிக்கு மிச்சம்தானே, அதில் தனக்கு ஓர் ஐம்பதாவது கூடும் என்று கணக்குப் போட்டு, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு முதலாளி அறைக்குள் தனியாகப் போனார். கொஞ்ச நேரத்தில் டீக்கடைப் பையன் ஒரு டீயும் ஒரு பன்னும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

மாஸ்டர் வெளியே வந்தபோது பாதிப் பன் கையிலேயே இருந்தது. நேராக எங்கள் டேபிளுக்கு வந்தார்.

"என்ன சொன்னாருங்க?" என்றேன் நான்.

"காசு இல்லியாமா. மூத்த பையனுக்குத் தவணையில மோட்டார் சைக்கிள் எடுக்கறாராமா."

யாரும் சிரிக்கவில்லை, எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாஸ்டர் கியாசுதீனின் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பன்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அம்மிணி, அடுத்த தரம் நீங்க கூலி பேசப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ரங்காத்தாள் அக்கா கையிலிருந்த பனியனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முழுதும் பார்த்து முடித்தாள். பிறகு அதை மடித்து வைத்தாள்.

"வாங்க மாஸ்டர், தாராளமா வாங்க" என்றாள். "ஆனா நீங்க பேசப்படாது."