கடைசியாக டிக்கெட் எடுத்தவர்கள்

இந்தக் காலத்தில் எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் முதலில் ஒரு சிரிப்பு கிடைக்கும், அப்புறம் ஒரு 'சாரி' கிடைக்கும். காரியம் மட்டும் நடக்காது. உடையப்பன் இதைச் சொல்லாத நாளே கிடையாது. பேங்கில் சாரி. கிளினிக்கில் சாரி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போன் போட்டால் அங்கேயும் ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில் சாரி. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அந்தக் காலத்தில் மூஞ்சிக்கு நேரே "போடா" என்பான். அவனும் நல்லவன் இல்லை. ஆனால் போ என்றான், போனோம், வேறு வழி பார்த்தோம். இப்போது உட்கார வைத்து, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிறார்கள்.

அன்று காலை பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரின் ஒட்டுக்கடையில் காப்பியோடு உட்கார்ந்து அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே எர்னஸ்ட் இருந்தான். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். ஒரே தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவன், இப்போதும் இவர் இருக்கும் தாமான் குடியிருப்பிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவன். உடையப்பனைவிட இருபது வயது இளையவன் என்பதால் அவர் பேசும்போது குறுக்கே பேச மாட்டான். ஆனால் அன்றைக்கு அவன் வாயில் ஒரு சேதி நின்றுகொண்டு வெளியே வரத் துடித்தது.

"எல்லாரையும் அப்டி சொல்லாதீங்கண்ணே. எம்மவ அலீசியா இருக்காளே, அவ எவனுக்கும் சாரி சொல்றவ இல்ல."

அலீசியா விமானம் பழுது பார்க்கிற கம்பெனியில் இஞ்சினியர். தாமானுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு எர்னஸ்டே தெரிவித்துவிடுவான்.

"என்னா பண்ணிட்டா?"

"சபா பக்கம் போற பிளேன் ஒண்ணு. ஏறப் போற நேரத்துல இவ பாக்குறா, அவசரத்துக்குத் தெறக்குற கதவு ஒண்ணு சரியில்ல. பாஸ் சொல்றான், சின்ன விசயம்லா, கையெழுத்த போட்டு விடுன்னு. முடியாதுன்னுட்டா! ஒத்தப் பொம்பள! கடைசியில நாப்பது பேர எறக்கி விட்டுட்டுத்தாண்ணே பிளேன் போச்சு."

உடையப்பன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த நாளு?"

"போன மாசம்ணே. நீங்க தம்பி சாவுக்குப் போனீங்களே, அந்த வாரம். வியாழக்கெழம..." எர்னஸ்ட் பாதியில் நிறுத்தினான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. "நீங்க எங்க போனீங்க, தாவாவா?"

உடையப்பன் எழுந்து, குடித்ததற்குக் காசை வைத்துவிட்டு நடந்தார்.

தம்பி திருச்செல்வத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. திருச்செல்வம் வாலிபத்தில் சபாவிலுள்ள தாவாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். அண்ணன் தம்பி என்று மிஞ்சியது இரண்டே பேர். விடியற்காலை போன் வந்ததும் மருமகள் விமலா கைபேசியிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். "பெரியப்பா வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்" என்று தம்பி மகன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். வாய்க்கரிசி போட மூத்தவர் ஒருவர் வேண்டுமே.

ஏர்போர்ட்டில் சுமார் நாற்பது பேரை ஓரமாக உட்கார வைத்தார்கள். கதவில் கோளாறாம், ஆட்களைக் குறைக்க வேண்டுமாம், இவர்களுக்கு மறுநாள் விமானமாம். ஒரு பெண் எல்லோருக்கும் பிஸ்கட்டும் தண்ணீர் போத்தலும் கொடுத்து, ஆளுக்கொரு சாரி சொன்னாள். உடையப்பனுக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா இறந்துவிட்டாராம். நம்மில் பிணத்தைச் சாயங்காலம் வரையாவது போட்டு வைப்பார்கள், அவர்களில் உடனே அடக்கம், அதற்குக்கூட இடமில்லை. கடலில் முங்கிக் குளிக்கப் போகிற இளவட்டங்கள் தவளைக்கால் மாதிரி ரப்பர் செருப்பைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு, சிரித்துப் பேசியபடி இவர்களைத் தாண்டிப் போய் ஏறினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நகர்ந்து போனது.

நாலு மணிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை, பெரியப்பா என்றான் தம்பி மகன், போனில். மறுநாள் உடையப்பன் போனபோது ஈர மண்மேடுதான் இருந்தது. அதில் யாரோ செருப்புக்காலோடு நின்ற தடம்கூட இருந்தது.

எர்னஸ்ட் கடையில் சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அலீசியா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். கதவு உண்மையிலேயே கெட்டதா, இல்லை தம்பி முகத்தைத் தன்னிடமிருந்து ஏமாற்றிப் பிடுங்கினார்களா? அவருக்குச் சந்தேகம் இரண்டாவதில்தான்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டு கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அன்றைக்கென்று லோரி கெட்டுப்போய் நிற்கும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்ற வேண்டுமென்றால் அதே லோரி உறுமிக்கொண்டு ஓடும். மேலே இருக்கிறவன் 'கெட்டுப்போச்சு' என்று சொன்னால் அதற்கு 'உனக்கு இல்லை' என்று பொருள். இதை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

அலீசியா வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குப் போய்வந்த பாவாடையை முழங்கால்வரை ஏற்றிச் செருகியிருந்தாள். எர்னஸ்ட் வாளியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"வாங்க தாத்தா, உக்காருங்க. அம்மா, தாத்தாவுக்கு தண்ணி கலக்குங்க!"

"நா குடிக்க வரல. நீதான் கதவு கெட்டுப்போச்சுன்னு சொன்னவளா?"

"எந்தக் கதவு தாத்தா?"

"நா தாவாவுக்குப் போக நின்ன ஏரோப்ளேன் கதவு."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். எர்னஸ்ட் தரையைப் பார்த்தான்.

"தாத்தா, நீங்க அந்தப் பிளேன்லயா..."

"அதுல இல்ல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம். எந்தம்பியப் பொதைக்கிறதுக்கு முன்னால பாக்க முடியாம."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் போய் அதை மூடிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்குத் தெரியாது தாத்தா. சத்தியமா தெரியாது."

"நீ அழுவுறதப் பாக்க வரல. ரெண்டுல ஒண்ணச் சொல்லு. கதவு கெட்டிருந்தா அந்த ஏரோப்ளேன் போயிருக்கக் கூடாது. போச்சுன்னா கதவு கெடல. எது நெசம்?"

"ரெண்டும் நெசந்தான் தாத்தா."

"இந்தா, ஆரம்பிச்சிட்டா."

"கொஞ்சம் கேளுங்க. அந்தக் கதவுல ரப்பர்ல ஒரு சறுக்கு மடிச்சி வெச்சிருக்கும். கதவத் தெறந்தா தானா காத்து ஏறி, வெளிய விரிஞ்சி கீழ வரைக்கும் நிக்கணும். அதுல சறுக்கித்தான் ஆளுங்க தப்பிக்கணும். அன்னிக்கு அதோட சிலிண்டர்ல காத்து பத்தல. தெறந்தா சறுக்கு விரியாது. ஒரு மாடி உயரத்துலேர்ந்து குதிக்கணும். மாத்துறதுக்கு வேற சறுக்கு அங்க இல்ல."

"அப்ப ஏன் விட்ட?"

"மத்த கதவெல்லாம் நல்லா இருந்துச்சு. தீப்பிடிச்சா ஒன்றர நிமிசத்துல எல்லாரும் வெளிய வந்துரணும், அதான் கணக்கு. கதவு ஒண்ணு கொறைஞ்சா ஆளும் கொறையணும். அந்தக் கதவுகிட்ட இருக்கிற சீட்டுல யாரும் உக்காரக் கூடாது, குறுக்க பட்டை கட்டி மூடிரணும். சறுக்கையும் சொன்ன நாளுக்குள்ள மாத்திரணும். அப்பிடின்னாதான் போகலாம்னு சட்டம் இருக்கு தாத்தா."

"சட்டம்!" உடையப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சட்டத்த நீ எனக்குச் சொல்றியா? லேபர் ஆபீஸ்லேர்ந்து ஆளு வர்றான்னா அன்னிக்குக் காலையில வேல வாங்குற மண்டோர் எல்லாருக்கும் தொப்பி குடுப்பான், பூட்ஸ் குடுப்பான். ஆளு காடியில ஏறிப் போனதும் கழட்டி வாங்கி ஸ்டோர்ல போட்டுப் பூட்டிருவான். மறுநாளு குலை விழுந்து ஒருத்தன் மண்ட ஒடைஞ்சா, 'தொப்பி குடுத்தோமே'ம்பான். இதாம்மா சட்டம். கண்ணால பாத்தவன் நானு."

"அது ஏமாத்து. நா ஏமாத்தல. பாஸும் அதத்தான் சொன்னான், காத்து கொஞ்சந்தான் கொறைச்சல், சரின்னு எழுதிருன்னு. எழுதியிருந்தா நீங்க தம்பியப் பாத்திருப்பீங்க. நா ஒத்துக்கிறேன்."

"பெறவு ஏன் எழுதல?"

"அந்தச் சறுக்கு விரியாதுன்னு தெரிஞ்சி எப்பிடி எழுதறது?"

"அந்த ஏரோப்ளேன் ஒழுங்காப் போயி எறங்குச்சா இல்லியா?"

"எறங்குச்சு."

"கதவ எவனாச்சும் தெறந்தானா?"

"இல்ல."

"அப்புறம்?"

"எறங்கிருச்சுன்னா கதவு நல்லா இருந்துச்சுன்னு ஆயிருமா தாத்தா? ஒவ்வொரு நாளும் ஒழுங்காத்தான் எறங்கும். என்னிக்கோ ஒரு நாளு எறங்காது. அந்த ஒரு நாளுக்குத்தான் அந்தக் கதவே இருக்கு."

வாதத்தில் மாட்டிக்கொண்டால் உடையப்பன் பக்கவாட்டில் பாய்வார்.

"இவ்ளோ பேசுறியே, ஒங்கப்பன் பஸ்ஸுல பின்னால ஒரு கதவு இருக்கே, அதப் பாத்திருக்கியா? அதுல ஸ்பேர் டயர சாத்தி வெச்சி, கைப்பிடிய கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கான். நேத்துகூடப் பாத்தேன்."

"அப்பா!"

"அது ஓட்டத்துல கடகடன்னு சத்தம் போடுதும்மா..." என்று எர்னஸ்ட் இழுத்தான். "அண்ணே, எதுக்கு இப்ப என்னய இழுக்குறீங்க?"

"அதுலதான டெய்லி நாப்பது பொம்பளைங்கள ஏத்திட்டுப் போறீங்க? கம்பியக் கழட்டுங்க. இன்னிக்கே கழட்டுங்க!" அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

உடையப்பனுக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. அதற்காக அவர் இளகிவிடவில்லை.

"சரி. ஒம்பேச்சுக்கே வரேன். கதவு கெட்டுச்சு. ஆள எறக்கணும். எவன எறக்கணும், எவன ஏத்தணும்னு எந்தச் சட்டம் சொல்லுச்சு?"

"அது நாங்க இல்ல தாத்தா. எத்தன பேரு போலாம்னு மட்டுந்தான் நாங்க சொல்லுவோம். யாருன்னு கவுண்டர்ல பாத்துக்குவாங்க. எடம் பத்தலன்னா கடைசியா டிக்கெட் எடுத்தவங்கள..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள்.

"சொல்லு," என்றார் உடையப்பன். "கடைசியா டிக்கெட் எடுக்கிறவன் எவன்?"

அவள் கையை மறுபடியும் பாவாடையில் துடைத்தாள்.

"சாவு வீட்டுக்காரன்! எவனோட தம்பி மூணு மாசத்துக்கு முன்னாலயே நாள் குறிச்சிக் குடுத்துட்டுச் சாவான்? கடல்ல குளிக்கப் போறவன் போன வருசமே டிக்கெட் எடுத்துருவான். அவன் போயிட்டான். அவன் நாளைக்குக் குளிச்சா கடலு வத்திப் போயிருமா? என் பக்கத்துல ஒரு மலாய்க்காரரு, ஆத்தாளக் குழிக்குள்ள எறக்குறதப் பாக்க முடியாம அழுவுறாரு. அந்தாண்ட ஒருத்தி, புருசன் ஆஸ்பத்திரியில மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கான்னா. பூராப் பேரும் இப்பிடித்தான். கெட்ட கதவுக்கு எங்களத்தானா காவு குடுக்கணும்?"

"நா அத யோசிச்சதே இல்ல," என்றாள் அலீசியா. குரல் தாழ்ந்துவிட்டது. "நம்பர சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிருவோம்."

"யாரும் யோசிக்க மாட்டான். இவன் நம்பரச் சொல்லுவான், அவன் பேரப் படிப்பான், இன்னொருத்தி பிஸ்கட்டுக் குடுப்பா. எவனக் கேட்டாலும் நா இல்லம்பான்."

"நா மேல சொல்றேன் தாத்தா. சாவுக்குப் போறவங்கள மொதல்ல ஏத்தணும்னு..."

"சொல்லு, சொல்லு. சொன்னா அவன் என்னா செய்வான்? ஒரு ஆளப் போட்டு, செத்ததுக்கு அத்தாட்சி காட்டுன்னு கேப்பான்."

அவள் உள்ளே போய்க் கைபேசியை எடுத்து வந்தாள். "இதப் பாருங்க. அன்னிக்கு நா எடுத்த படம். பொய் இல்லேன்னு நீங்களே பாருங்க."

உடையப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை, அதன் ஓரத்தில் சின்ன வட்டக் கண்ணாடி, அதற்குள் ஓர் ஊசி சிவப்புப் பட்டையில் சாய்ந்து நின்றது. அவள் விரலை வைத்துக் காட்டினாள். பச்சையில் இருக்க வேண்டியது, தாத்தா.

ஊசி சிவப்பில்தான் இருந்தது. ஆனால் எந்த ஊசி, எந்த ஏரோப்ளேன், எந்த நாள்? படத்தில் ஒரு மூட்டைதான் இருக்கிறது, தாவாவ் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இந்தப் பெண் பொய் சொல்லாமல் இருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவளைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் முன்னால் நிறுத்துவான்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இப்பயாச்சும் நம்புறீங்களா?"

"ஒன்ன நம்புறதுக்கு என்னாம்மா? நீ நல்ல புள்ளதான்," என்றார் அவர். "ஒங் கம்பெனிக்காரன் எனக்குத் தங்கச்சி புருசனா, அவன நம்புறதுக்கு?"

எர்னஸ்ட் மனைவி டொரீன் இரண்டு கோப்பைகளோடு வெளியே வந்தாள். "குடிச்சிட்டுப் போங்க மாமா." உடையப்பன் கையை மட்டும் ஆட்டினார். எர்னஸ்ட் கேட் வரை கூட வந்து, "அண்ணே, கோவிச்சுக்காதீங்கண்ணே, எனக்குத் தெரியாமப் போச்சு, தெரிஞ்சா கடையில பேசியிருப்பனா," என்றான். வெயில் ஏறிவிட்டது. உடையப்பன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், கடைத்தெருப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார்.

"எடம் ஒண்ணு, டிக்கெட்டு வித்தது ரெண்டு பேருக்கு," என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். "மாட்டிக்கிட்டதும் கதவாம், சறுக்காம்."

எதிரே சைக்கிளில் வந்தவன் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று காலை ஊன்றி நின்று பார்த்தான். உடையப்பன் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.