கண்ணுக்குத் தெரியாத முக்கோணம்

புது விதிமுறை எது வந்தாலும் முதல் தலைவலி மேஸ்திரிக்குத்தான். துப்புரவுத் திரவங்கள் தயாரிக்கும் அந்தச் சின்னப் பட்டறையில் பதினெட்டு பேருக்கு மேல் அவர், அவருக்கு மேல் முதலாளி, முதலாளிக்கு மேல் அரசாங்கம். மேலிருந்து உருளும் கல்லெல்லாம் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கீழே போகும்.

இந்தத் தடவை வந்த சுற்றறிக்கை பதினோரு பக்கம். லேபிளில் எழுத்து பொடியாக இருக்கக் கூடாது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒளிக்காமல் போட வேண்டும், குழந்தைகள் ஜூஸ் என்று நினைக்கும்படி பழப்படம் கூடாது. இதெல்லாம் நியாயம்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். கடைசியாக இருந்ததுதான் அவருக்கு எரிச்சல். ஆசிட் போன்ற ஆபத்தான சரக்கு உள்ள ஒவ்வொரு பாட்டிலிலும், அடிப்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக ஒரு முக்கோணம் இருக்க வேண்டுமாம். அச்சிலேயே முக்கோணம் வைத்த பாட்டில் வர ஆறு மாதமாகும். அதுவரை கையால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த ஸ்டிக்கருக்கு நிறமே கிடையாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் இருக்கிறதா இல்லையா என்றே தெரியும்.

"கண்ணுக்கே தெரியாத ஸ்டிக்கர யாருக்குய்யா ஒட்டறோம்?" என்று மேஸ்திரி கேட்க, பட்டறையே சிரித்தது. யாருக்கு என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அபராதம் எவ்வளவு என்ற பக்கத்தை மூன்று தடவை படித்த மனுஷர், அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. கழிப்பறை ஆசிட்டில் நாற்பது பெட்டி மிச்சம், மறுநாள் காலையில் லாரி. புது ஸ்டிக்கர் கட்டு காலை ஒன்பதுக்குத்தான் வரும். மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார், அதுவும் கொஞ்சம்தான். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எவன் குனிந்து பார்க்கப் போகிறான் என்று பெட்டிகளை அப்படியே மூடச் சொல்லிவிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு ஒரு ஆசிட் பாட்டில் எடுத்துப்போனார். அது போன வாரத்துச் சரக்கு, ஒழுங்காக முக்கோணம் ஒட்டியது. அவர் மனைவிக்குக் கண் பார்வை போய் நாலு வருஷம் ஆகிறது. ஆனால் சமையலறையில் ஒரு ஸ்பூன் இடம் மாறினாலும் அவளுக்குத் தெரியும், மாற்றினவருக்குத் திட்டும் விழும். பாத்திரம் கழுவும் பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், தரை துடைக்கிறதற்கு இரண்டு, ஆசிட்டுக்கு மூன்று. அது மேஸ்திரி கண்டுபிடித்த முறை. பட்டறையில் எதற்கு அலுத்துக்கொண்டாலும் இதற்கு மட்டும் அவர் அலுத்துக்கொண்டதே இல்லை.

மூன்றாவது ரப்பர் பேண்டை மாட்டிக் கையில் கொடுத்தார். அவள் விரல் பாட்டிலின் அடியில் போய் நின்றது.

"இது என்னங்க? முக்கோணமா?"

புது ரூல், ஆபத்தான சரக்குக்கு அடையாளம் என்றார். எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒட்ட வேண்டுமா என்று கேட்டாள். எல்லாரும்தான் என்றார். அவள் பாட்டிலைக் கீழே வைக்காமல் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போனா நான் ஏன் ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டேன்னு கேப்பீங்கல்ல?" என்றாள். "அங்க பாத்ரூம்ல அஞ்சாறு பாட்டில் இருக்கும். எது சோப்பு, எது ஆசிட்டுன்னு தெரியாது. ஒருக்கா கையில கொட்டிக்கிட்டேன். உங்ககிட்ட சொல்லல."

மேஸ்திரிக்கு அது சுருக்கென்று தைத்தது. கிளம்பிவிட வேண்டும் என்று அவள் ஒவ்வொரு தடவையும் அவசரப்படுத்தியதை, வீட்டு ஞாபகம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறார். அந்தத் தங்கச்சி வேறு, மாமா கம்பெனி சரக்கைத் தவிர வேறு எதையும் வாங்க மாட்டாள்.

"இத யாரு யோசிச்சாங்களோ, நல்லா இருக்கட்டும்" என்றாள் அவள்.

அதற்குமேல் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்பது பெட்டி முக்கோணம் இல்லாமல் கட்டி வைத்திருக்கிறேன், கையெழுத்தும் போட்டுவிட்டேன் என்று சொன்னார். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக, தன் முகம் அவளுக்குத் தெரியாததில் அவருக்கு ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்து உடனே வெட்கப்பட்டார்.

"லாரி போயிடுச்சா?"

"காலையில எட்டு மணிக்கு."

"அப்ப இன்னும் போகல" என்று சொல்லிவிட்டு, அவர் போன் இருந்த மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலாளி போனிலேயே அர்ச்சனை செய்தார். இருபது வருஷத்துக் கையெழுத்து இப்படிச் சந்தி சிரிக்கிறதே என்றார். லாரியைச் சாயங்காலம் வரை நிறுத்தி வைக்கிறேன், ஆனால் உம்முடைய வார்த்தையை நம்பிச் சரக்கை அனுப்ப மாட்டேன், வேறு ஒருவர் ஒவ்வொரு பாட்டிலாகச் சரிபார்க்க வேண்டும், அது முடியாவிட்டால் நாளையோடு கணக்கை முடித்துக்கொள்ளும் என்றார்.

மறுநாள் மேஸ்திரி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பெட்டிகளைப் பிரித்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். மேஜையின் மறுபக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து, பாட்டிலின் அடியில் விரலை ஒரு சுற்றுச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருந்தாள். கண் உள்ளவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துச் சரி என்று தள்ளியதிலிருந்து, பதினேழு பாட்டிலை "இதுல இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். பக்கத்தில் வந்து நின்ற முதலாளி பதினேழாவதை வாங்கித் தானே தடவிப் பார்த்தார். பிறகு 'சரிபார்க்கப்பட்டது' தாளை அவள் பக்கம் நீட்டினார். மேஸ்திரி அவள் விரலைக் கோட்டின் தொடக்கத்தில் கொண்டுபோய் வைக்க, அவள் கொஞ்சம் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி நடக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் தங்கலாம், பாத்ரூமை நானே கழுவிக் கொடுக்கிறேன் என்றாள். மேஸ்திரி சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு, தலையாட்டினது அவளுக்குத் தெரியாதே என்று "சரி" என்றார்.

"இனிமே ரப்பர் பேண்ட் வேண்டாமில்ல?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்க நினைத்தார், குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

அவள் அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முக்கோணம் ஊருக்கெல்லாம் ஒட்டறது" என்றாள். "எனக்கு நீங்க மாட்டி விடுங்க."