முகப்பில் மட்டும் தெரிபவள்

கோமளவல்லி குடியிருந்தது ஒரு வலைப்பூவில். ஓரத்துப் பட்டையில், நாள்காட்டிக்குக் கீழே அவளுக்கு இடம். கணவன் தில்லைராஜன் நடுவில் இருந்தான், பதிவாக. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

அவள் கண் விழித்தால் அது முகப்புப் பக்கம். மற்றப் பக்கங்களில் அவள் விழிப்பதில்லை.

அன்று விழித்தபோது தில்லைராஜன் தலைசீவி நின்றிருந்தான். முகம் சரியில்லை.

"கோமளா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுலயே வச்சிருக்கேன். நம்ம ரெண்டு பேருக்கும்…"

அதோடு நின்றுவிட்டான். வாய் திறந்தபடியே இருந்தது. மோவாய்க்குக் கீழே நீல எழுத்தில் 'மேலும் வாசிக்க' என்று வந்தது.

"நம்ம ரெண்டு பேருக்கும்? என்னங்க?"

முகப்பில் யாரும் மூன்று வரிக்கு மேல் பேசுவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நீல எழுத்தை விரலால் அழுத்தினாள்.

அழுத்தியதும் பதிவின் பக்கம் திறந்தது; அவள் இல்லாமல் போனாள்.

மறுபடி விழித்தபோது மத்தியானம். தில்லைராஜனின் கண்கள் சிவந்திருந்தன. குரல் கம்மியிருந்தது. முழுவதையும் யாரிடமோ சொல்லி முடித்திருக்கிறான்.

"என்ன சொன்னீங்க?"

"கோமளா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, அதே இடத்தில் நின்றான்.

கோமளவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அங்கே பாக்கியநாதன், எந்தப் பக்கத்தில் எது தெரியவேண்டும் என்று வைக்கும் டெம்ப்ளேட்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, பிடரியில் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"பக்கம் முகப்பா இருந்தா மட்டும் காட்டுன்னு போட்டிருக்குக்கா."

"யாரு போட்டது?"

"தெரியலை. கையெழுத்து அழகா இருக்கு."

"அவர் முழுசாப் பேசற பக்கத்துலயும் நான் இருக்கணும் தம்பி."

"எடுத்துடலாம். ஆனா அப்புறம் எந்தப் பக்கத்துல இருக்கீங்கன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுக்கணும்."

"எப்படி?"

"எல்லாரும் அரைகுறையாப் பேசினா முகப்பு. ஒருத்தரே பேசிட்டிருந்தா பதிவு. யாருமே இல்லாம, மன்னிக்கவும்னு மட்டும் எழுதியிருந்தா, அது இல்லாத பக்கம். அங்க உட்கார்ந்துடாதீங்க."

"எங்க வீட்டுல எப்பவுமே அப்படித்தானேப்பா இருக்கு?"

"அது எனக்குத் தெரியாதுக்கா."

சின்ன திருப்புளியால் இரண்டு வரிகளைக் கழற்றி, ஊதிவிட்டான். கழுத்து சில்லிட்டது.

வீட்டுக்கு வந்து நீல எழுத்தை அழுத்தினாள். இந்த முறை அவள் போகவில்லை. வீடுதான் உருமாறிப்போனது. கூடம் கீழ்நோக்கி நீண்டுகொண்டே வந்தது. தலைப்பு எங்கோ உயரத்தில் நின்றது. ஒரே ஒரு குரல் கேட்டது. பதிவுதான் என்று தெரிந்துகொண்டாள். குரல் வந்த பக்கம் ஓடினாள். நீளமான பதிவு. அவள் போய்ச் சேர்ந்தபோது தில்லைராஜன் கடைசி வரியில் இருந்தான்.

"…இவ்வளவுதாங்க. இனிமே எல்லாம் அவ கையிலதான்."

நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான்.

"நீ இந்தப் பக்கத்துக்கு வரமாட்டியே."

"இப்ப வருவேன். முதல்லேர்ந்து சொல்லுங்க."

"நீ இல்லேங்கற தைரியத்துலதானே கோமளா சொன்னேன்."

வாயை மூடிக்கொண்டான். அவள் அவன் மோவாய்க்குக் கீழே குனிந்து பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. லேசாக நரைத்த தாடிதான் இருந்தது.

அவன் காலடியில், பின்னூட்டம் போட வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முழுக்கை சட்டை போட்ட ஒருவர் எழுந்து கைகுலுக்கினார்.

"மனமார்ந்த வாழ்த்துகள்மா."

பக்கத்திலிருந்த அம்மாள் கோமளவல்லியைக் கட்டிக்கொண்டு விசும்பினாள்.

"ஆழ்ந்த அனுதாபங்கள்."

"எதுக்குங்க? அவர் என்ன சொன்னார்?"

"அருமையாச் சொன்னார்" என்றார்கள் இருவரும்.

தில்லைராஜன் கொஞ்சம் தள்ளி அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்காரவில்லை. வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியாது. அடுக்களைக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினாள். நல்ல காரியமா, துக்கமா என்று தெரியாததால், காபியில் சர்க்கரையைப் பாதி போட்டாள்.