மேலே வாங்க

ஈரமணலில் தோண்டிய முப்பதடிப் பள்ளத்தில், மண் சரியாமல் தாங்கிய இரும்புத் தகடு இரண்டு விரல் அளவுக்கு உள்ளே பிதுங்கியிருந்தது. அதைக் கண்ட சூப்பர்வைசர் எல்லாரையும் ஏறச் சொன்னாள். அடியில் தகட்டைத் தாங்கும் இரும்பு முட்டுகளுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் மட்டும் அசையவில்லை.

"இன்னும் ஒரு முட்டுதான், வச்சிட்டு வந்துடறேன்."

"இங்க நீங்க என் புருஷன் இல்ல, வெல்டர். மேல வாங்க!"

முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினான். அவன் மேலே வந்து சேர்ந்ததும், பழைய முட்டு ஒன்று நழுவி, அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே விழுந்தது. உடனே கிரேனால் பள்ளத்தில் மணலைக் கொட்டித் தகட்டுக்கு அணை கொடுத்தார்கள். மாலையில் அவள் மூன்று முறை அளந்தாள்; தகடு இம்மியும் நகரவில்லை.

"போன உசுரு இப்பதான் திரும்பி வந்துச்சு" என்று அவன் தோளில் சாய்ந்தாள்.

"வெல்டர் தோள்லயா?" என்றான் அவன்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.