காலைப் பிடிக்க ஒரு ஆள்

போன மாதப் பந்தயத்தில் வாலிபால் அணியின் தலைவி எம்பிப் பந்தை அடித்துவிட்டுக் கீழே இறங்கியபோது, காய்ந்த குச்சி ஒடிந்தாற்போல ஒரு சத்தம். முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கிளப் ஒரு முடிவெடுத்தது: உடல் அசைவுப் பரிசோதனையில் தேறாமல் எந்தப் பெண்ணும் ஆடக் கூடாது.

அதனால்தான் அணியில் ஆடும் ஒரு பெண்ணின் அம்மா, தையல் ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, விளையாட்டரங்கின் கீழ்த்தளத்து அறையில் மடியில் பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரப்பர் விரிப்பின் வாடை. தரையில் நட்சத்திரம் போல ஒட்டிய டேப். மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, எதிரே கேமரா.

மகளுக்கு அணியில் வெட்டுக்கிளி என்று பெயர். பதினைந்து வயது. அவள் சும்மா நடந்து பார்த்தவர்கள் குறைவு.

"எங்கயாவது வலி இருக்காம்மா? முட்டி, கணுக்கால், இடுப்பு?" என்று கேட்டாள் பிசியோதெரபிஸ்ட்.

"எதுவும் இல்ல மேடம்."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். வெட்டுக்கிளி கொஞ்ச நாளாகவே மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறாள். கேட்டால் தூக்கக் கலக்கம் என்கிறாள். சாத்திய கதவுக்குப் பின்னால் பொத் பொத்தென்று ஸ்டூலிலிருந்து குதிக்கும் சத்தம் வேறு. எப்படி இறங்கினால் தேறலாம் என்று கைப்பேசியில் பார்த்துப் பழகியிருக்கிறாள்.

வெட்டுக்கிளி ஒற்றைக்காலில் நின்று மறுகாலை டேப் வழியே நீட்டினாள். உடம்பு ஆடவில்லை. பெட்டியிலிருந்து குதித்தாள். பூனை மாதிரி இறங்கினாள்.

"ரொம்ப நல்லா இருக்கே," என்று கணினியில் குறித்துக்கொண்டாள் பிசியோ.

வெட்டுக்கிளி அம்மாவைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள். அடுத்த வாரம் பெரிய போட்டி. வருஷம் முழுக்க அதே பேச்சு. சொன்னால் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால்? அம்மா பையைத் திறந்து மூடினாள்.

"மேடம்," என்றாள் கடைசியில். "படி இறங்கும்போது கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு இறங்குறா."

"அம்மா." வெட்டுக்கிளி அவ்வளவுதான் சொன்னாள்.

பிசியோ திட்டவில்லை. மைதானத்தை மூச்சு வாங்கும்வரை சுற்றிவரச் சொன்னாள். திரும்பி வந்தவளைப் பெட்டிமேல் ஏற்றி, "குதி. நான் போடுற பந்தையும் பிடிக்கணும்," என்றாள்.

கண் பந்தின்மேல் போனது. இடது முழங்கால் சடாரென உள்பக்கம் சாய்ந்தது. திரையில் படத்தை நிறுத்திக் காட்டினபோது வெட்டுக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வலிக்குதா?"

"...முட்டிக்குக் கீழ. எம்பும்போது."

"அறுந்துடுமா மேடம்?" என்று கேட்டாள் அம்மா.

"இது ஜோசியம் இல்லைங்க. நல்லா இறங்குறவங்களுக்கும் அடிபடுது. இப்படி இறங்குற எத்தனையோ பேர் ஒண்ணும் ஆகாம ஆடிட்டும் இருக்காங்க. ஆனா வலியோட குதிக்க நான் விட மாட்டேன். தொடையும் இடுப்பும் பலமாகட்டும், திரும்பப் பாப்போம்."

"அப்ப அடுத்த வாரம்?" என்றாள் வெட்டுக்கிளி.

"இல்லம்மா."

பேருந்தில் மகள் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். வீட்டில் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள். அவள் இல்லாமலே போட்டி நடந்து முடிந்தது. அம்மா ஆலையில் ஒரே சட்டைக்கு இரண்டு இடதுகை வைத்துத் தைத்து வசவு வாங்கினாள். செய்தது சரிதானா? பிசியோவே உறுதியாகச் சொல்லவில்லையே. பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்டதுதான் மிச்சமா?

பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை மட்டும் வெட்டுக்கிளி விடவில்லை. அதில் ஒன்று தனியாகச் செய்ய முடியாதது. மண்டிபோட்டு உடம்பை மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். பின்னால் ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டிலுக்கடியில் காலைச் செருகிப் பார்த்தாள். கட்டில்தான் நகர்ந்தது.

சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"வந்து காலப் பிடி."

"என்னடி, மன்னிப்புக் கேக்கணுமா?"

"அதுக்கு இல்ல. பயிற்சிக்கு." சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதுக்கும் சேத்தே பிடிச்சுக்கோ."

அன்றிலிருந்து தினமும் பிடித்தாள். வலி மெதுவாக வடிந்தது. மறுபரிசோதனையில் களைத்த பிறகும், பந்தைப் பிடித்தபோதும் முழங்கால் நேராகவே நின்றது. பிசியோ ஆட அனுமதித்தாள்.

முதல் பந்தயத்தன்று அம்மா பார்வையாளர் வரிசையில் இருக்கையின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். மகள் எம்பும்போதெல்லாம் மூச்சை அடக்கினாள். பாதம் தரையைத் தொட்ட பிறகே விட்டாள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினால் இவளும் தட்டினாள்.

ஆட்டம் முடிந்து, வியர்வை சொட்டச் சொட்ட வெட்டுக்கிளி ஓடிவந்தாள். "எப்படிம்மா ஆடினேன்?"

"நல்லா இறங்கினடி. எல்லாத் தடவையும்."

"ஆட்டத்தக் கேட்டேன்மா."

"அத நான் எங்க பாத்தேன்? யாரு ஜெயிச்சா?"

"அவங்கதான்," என்று சொல்லிவிட்டு, வெட்டுக்கிளி அம்மா கையிலிருந்த துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.