ராஜா வீட்டுக் கழுத்து

தெருவில் எங்கள் வீட்டுக்கு ராஜா வீடு என்று பெயர். உள்ளே ஓட்டை ஃபேனும் இரண்டு நாற்காலியும்தான். ஆனால் என் மாமனாரும் அவர் பிள்ளையும், அதாவது என் வீட்டுக்காரரும், நடந்து வருவதைப் பார்த்தால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். தலை பின்னால் சாய்ந்து நாடி மேலே தூக்கியிருக்கும், இமைகள் பாதி மூடியிருக்கும், எதிரே வருபவரை ஒரு பொருட்டாகவே மதிக்காத பார்வை. கல்யாணமான புதிதில் நானே, இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு மிதப்பு என்று பொருமியிருக்கிறேன். நான் தையல்காரி. இவர் சட்டைகளில் காலரின் பின்பக்கம்தான் முதலில் நைந்துபோகும்.

"எங்க வம்சத்துல எவனும் எவனுக்கும் தலை குனிஞ்சதில்ல" என்பார் மாமனார். வாட்ச்மேன் வேலை பார்த்தவர். மூன்று முதலாளிகள் திமிர் பிடித்தவன் என்று அவரைத் துரத்தியிருக்கிறார்கள். அதை அவர் பதக்கம் வாங்கியதைப் போலச் சொல்வார்.

எங்கள் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வலது இமை முழுதாகவும் இடது இமை பாதியாகவும் மூடிக் கிடந்தன. போகப் போகத் தானாகத் திறந்துவிடும் என்றார் மாமனார். ஏழாம் மாதம் உட்காரத் தொடங்கியதும் அவளும் நாடியைத் தூக்கினாள். மாமனார் கைதட்டிச் சிரித்தார். யாரிடமும் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கருவுல ரெண்டு மாசம் ஆகறதுக்குள்ளேயே இது ஆரம்பிச்சிருக்கும். கண்ணையும் இமையையும் மேல தூக்கற நரம்பு சரியா வளரல. நரம்பு இல்லாத தசை நார் மாதிரி இறுகிப்போச்சு. நீங்க எதுவும் தப்பு பண்ணலம்மா, குடும்பத்துல வர்றதுதான். கண்ணை அசைய வைக்க முடியாது. ஆனா ஆபரேஷன் பண்ணி இமையைத் தூக்கிக் கட்டலாம். மூடியே கிடந்தா மூளை அந்தக் கண்ணைப் பழகிக்காமலே போயிடும். அப்புறம் திறந்தும் பிரயோஜனம் இல்ல."

ஆபரேஷனுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். குழந்தையின் அப்பா கையெழுத்தும் கட்டாயம் வேண்டுமாம். வீட்டில் வந்து சொன்னேன், இரண்டு பேருமே பிடிகொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. என்னால் உட்கார முடியவில்லை. மெஷினுக்குப் போனேன், ஊசியில் நூல் கோத்தேன், எழுந்தேன். அடுப்படிக்குப் போனேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன். இவர் பெயின்டர். அன்று பாதி நாளிலேயே திரும்பி வந்து, வழக்கம்போலக் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

"அப்பாவைக் கேளு."

"குழந்தை உங்களுக்குப் பிறந்ததா, அப்பாவுக்கா?"

மாமனார் நாற்காலியில் அசையாமல் இருந்தார். "எங்க யாருக்கும் ஒரு குறையும் இல்லம்மா. பச்சைப் பிள்ளை மேல கத்தி வைக்க நான் விடமாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மருமகள் செய்யக்கூடாததைச் செய்தேன். நேரே போய் அவர் நாடியைப் பிடித்து, எல்லோருக்கும் இருப்பதுபோலத் தலையை நேராக நிறுத்தினேன். "குறை இல்லையா மாமா? தலையைத் தூக்காம, வாசல் மேல இருக்கற கடிகாரத்துல மணி பாத்துச் சொல்லுங்க."

"ஏய்!" என்று இவர் பாய்ந்து வந்தார்.

மாமனார் என் கையைத் தட்டிவிடவில்லை.

"தெரியல" என்றார். "ஆறு வயசுலயும் தெரியாது. தலையைக் குனிடான்னு வாத்தியார் அடிப்பார். குனிஞ்சா அவர் முகமே தெரியாது. நிமிர்ந்தா மறுபடி அடி. கண்ணு தெரியலைன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. திமிர்னே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் கையை எடுத்தேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"என்கிட்டகூட ஏம்ப்பா சொல்லல?" என்றார் இவர். "என்னையும் அப்படித்தான் அடிச்சாங்க. நீங்க ராஜா மாதிரி நடப்பீங்க. உங்க பிள்ளைக்கு மட்டும் கண்ணு சரியில்லைன்னா உங்களுக்கு அவமானம்னு நான் வாயே திறக்கல."

"உனக்குமாடா?" என்றார் மாமனார். "நீ நிஜமாவே நிமிர்ந்து நடக்கறேன்னு நெனச்சேனே."

ஒரே கூரையின் கீழ் முப்பது வருஷம் இருந்தவர்கள், இருவரும் ஒருவரையொருவர் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். இந்த ஆண்களை என்ன செய்வது? அதற்கு மேல் நான் நிற்கவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்றதும் நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இது இருக்கான்னு கேக்கறாங்க."

இவர் அப்பாவைப் பார்த்தார். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"எனக்கு இருக்குன்னு சொல்லும்மா."

"ரெண்டு பேருன்னு சொல்லு" என்றார் இவர்.